ஸ்பாரிங்குக்கு எந்த மவுத்கார்டு? போட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

ராயபுரம் சவுத்பா
புதிதாக ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இறங்குகிற பசங்க எல்லாரும் முதலில் கேட்பது பல்லைக் காக்கிற மவுத்கார்டு எந்த பிராண்டு என்றுதான். நான் கேட்பது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் கார்டு மேல்பல்லிலேயே நிற்கிறதா? நான் முதலில் போட்டது கடையில் அப்படியே எடுத்து மாட்டுகிற வகை. அது விழாமல் இருக்க ரவுண்டு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே ஆட வேண்டும். மூக்கால் மட்டும் எவ்வளவு மூச்சு இழுப்பது? இரண்டாவது ரவுண்டில் வாய் தானாகத் திறந்தது, கார்டு தரையில் கிடந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

இப்போது வெந்நீரில் இளக்கிக் கடிக்கிற வகைதான். சில நூறு ரூபாய் ஆகும். எத்தனை நொடி என்பது அட்டையிலேயே இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். வாயில் வைத்ததும் பலமாகக் கடிக்காதீர்கள். கடித்தால் அந்த இடம் மெலிந்துவிடும், பிறகு அங்கே பாதுகாப்பே இல்லை. மெதுவாகக் கடித்து, காற்றை உள்ளே உறிஞ்சி, உதட்டுக்கு வெளியே விரலால் அழுத்துங்கள். பின்பக்கம் நீண்டு உமட்டினால் கத்தரியால் துளித்துளியாக நறுக்கலாம். கடவாய்ப்பல் வெளியே தெரிகிற அளவுக்குப் போகக் கூடாது.

டேக்வாண்டோ அம்மா, மதுரை
அண்ணா சொன்ன வெந்நீர் வகை என் மகளுக்குச் சரிவராது, பல்லில் கிளிப் போட்டிருக்கிறாள். இளகிய பிளாஸ்டிக் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் கழற்றும்போது கிளிப்பும் கூடவே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல்லும் மாதாமாதம் நகர்கிறது, அச்சு எப்படிப் பொருந்தும்? அதனால் கிளிப்புக்கென்றே உள்ளே பள்ளம் விட்ட சிலிக்கான் கார்டு. கொஞ்சம் தடிமன், பேசினால் கொழகொழவென்று கேட்கும். ஆனால் உதடு கிழிவது நின்றது. கிளிப் போட்ட பிள்ளைக்கு ஒரு உதை பட்டால் முதலில் கிழிவது உதட்டின் உட்பக்கம்தான்.

இன்னொன்று, கலர். இவள் ஆசைப்பட்டு நீலம் வாங்கினாள். டேக்வாண்டோ போட்டியில் வெள்ளை அல்லது நிறமில்லாததுதான் செல்லும். போட்டியன்று காலையில் கடை கடையாக அலைந்தது நான்.

ராயபுரம் சவுத்பா
குத்துச்சண்டையில் சிவப்புக்குத் தடை அக்கா. ரத்தம் வருகிறதா என்று ரெஃப்ரிக்குத் தெரிய வேண்டுமே.

பல் லேப்காரன், கோவை
அளவெடுத்துச் செய்கிற கார்டு எங்கள் வேலை. டாக்டர் மேல்தாடையை அச்செடுத்து அனுப்புவார். நாங்கள் அதில் கல் மாவு ஊற்றி மாதிரி செய்து, ஈவிஏ என்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்துப் படிய வைப்போம். விலை ஆயிரக்கணக்கில் போகும், ஆனால் வாயில் இருப்பதே மறந்துவிடும். ஒரு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒற்றை ஷீட்டா, இரண்டு அடுக்கா? இழுக்கும்போது ஷீட் மெலிகிறது, அதிலும் முன்பல் பக்கம், அதாவது அடி விழுகிற இடத்தில். சண்டைக்காரர்களுக்கு அடுக்கு வைத்துச் செய்ததுதான் நல்லது.

தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்குக் கொடுக்கும் நைட் கார்டைப் போட்டுக்கொண்டு ஸ்பாரிங் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது கெட்டியான அக்ரிலிக், அடி விழுந்தால் உடையும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கார்டு காப்பது பல், உதடு, ஈறு.

கிள்ளான் மொய்தாய்
“லைட் ஸ்பாரிங்தானே” என்று கார்டைப் பையிலேயே விட்டுவிட்டு வந்தான் என் கூட்டாளி. குத்துகூட இல்லை, கிளின்ச்சில், அதாவது கட்டிப்பிடித்து ஆடும்போது, இன்னொருவன் தலை இடித்ததுதான். முன்பல் வேரோடு கையில் வந்தது. ஜிம்மில் ஒரு அக்காவுக்கு விவரம் தெரிந்திருந்தது: வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. பல்லின் தலையைப் பிடித்து எடுத்து, கீழே மாமாக் கடையில் பால் வாங்கி அதில் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய்விட்டோம். பல் திரும்ப உட்கார்ந்தது, அப்புறம் வேர் சிகிச்சையும் செய்தார்கள். இப்போது எங்கள் ஜிம்மில் பேட் அடிக்கும்போதுகூட அவன் கார்டைக் கழற்றுவதில்லை.

புதுசு_திருச்சி
எனக்குக் கீழ்த்தாடை முன்னால் நீட்டியிருக்கும். மேல்பல் கார்டு போட்டால் கடியே சேரவில்லை. மேலும் கீழும் சேர்ந்த இரட்டைக் கார்டு வாங்கலாமா?

பல் லேப்காரன், கோவை
இரட்டையில் மூச்சு வாங்குவது கஷ்டம் தம்பி. உங்களைப் போன்ற தாடை அமைப்புக்குக் கீழ்ப்பல்லில் உட்காருகிற கார்டு செய்வது வழக்கம்தான். டாக்டரிடம் கீழ் வரிசைக்கு அச்சு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்பாரிங் முடிந்து வந்ததும் கார்டைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி ஓட்டை போட்ட டப்பாவில் வையுங்கள். வண்டிப் பெட்டியில் வெயிலில் விட்டால் வளைந்துவிடும், திரும்ப எங்களிடம்தான் வரவேண்டியிருக்கும்.