முகப்பில் வீடியோ, முப்பரிமாண நாற்காலி, பின்னணி இசை: எதை வைப்பது, எதை எடுப்பது?

தச்சன்மகள் கேட்கிறார்:

வணக்கம். மர நாற்காலி செய்து விற்கும் ஒருவருக்குத் தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்தும் படமுமாகத் தளம் செய்துதான் எனக்குப் பழக்கம். இவர் கேட்பதோ வேறு. திறந்ததும் திரை முழுக்கப் பட்டறை வீடியோ ஓட வேண்டும். ஸ்க்ரோல் செய்யச் செய்யப் படங்கள் பக்கவாட்டிலிருந்து பறந்து வர வேண்டும். நாற்காலியை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பின்னணியில் ஒரு புல்லாங்குழல்.

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் அமர்க்களமாக இருக்கிறது. அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில் வெள்ளைத் திரை நெடுநேரம் நிற்கிறது, அப்புறம் விக்கி விக்கி நகர்கிறது, நாற்காலிப் பக்கம் வந்ததும் தானாக ரீலோட் ஆகிவிடுகிறது. ஐபோனில் வீடியோ ஓடவே இல்லை, பிளே பொத்தான் மட்டும் நிற்கிறது. இசை எந்தப் போனிலும் கேட்கவில்லை.

வீடியோ 38 எம்பி. நாற்காலி மாடல் ஃபைல் 6 எம்பிதான், அது ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? எதையாவது எடுக்கலாம் என்றால் "அவர்கள் தளத்தில் எல்லாம் இருக்கிறதே" என்று போட்டியாளரைக் காட்டுகிறார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்காகச் சண்டை போடலாம்?

பழையவலை:

இசையை முதலில் முடித்துவிடுவோம். அது கேட்காமல் இருப்பதுதான் சரி. 2018-ல் குரோம் 66 வந்ததிலிருந்தே, ஆள் பக்கத்தைத் தொடாதவரை சத்தத்தோடு எதுவும் தானாக ஓடாது என்பதுதான் பொது விதி. சஃபாரியும் அப்படித்தான். இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். புல்லாங்குழல் வேண்டும் என்று அடம்பிடித்தால் மூலையில் ஒரு ஸ்பீக்கர் பொத்தான் வையுங்கள். யாரும் அழுத்த மாட்டார்கள், அவருக்கும் மனசு ஆறும்.

ஐபோன் வீடியோவுக்கு வீடியோ டேகில் இரண்டு அட்ரிபியூட் வேண்டும்: மியூட்டட் (சத்தம் இல்லாமல் ஓட), பிளேஸ்இன்லைன் (முழுத்திரைக்குப் போகாமல் பக்கத்துக்குள்ளேயே ஓட). இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும். இரண்டும் இருந்தாலும், போன் லோ பவர் மோடில் இருந்தால் வீடியோ தானாக ஓடாது. ஆகவே வீடியோ ஓடும்வரை அதன் இடத்தில் நிற்கும் போஸ்டர் படத்தைத்தான் உண்மையான முகப்பு என்று நினைத்து நல்லதாக எடுங்கள். வீடியோ அதன் மேல் வந்தால் வரட்டும்.

38 எம்பி எல்லாம் வேண்டவே வேண்டாம். பத்து நொடி லூப், 720பி, ஆடியோ டிராக்கை அடியோடு எடுத்துவிடுங்கள். 2 எம்பிக்குள் அடங்கும். இன்னொன்று, எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை உண்டு, மூவ் என்பார்கள். பல எடிட்டர்கள் அதை ஃபைலின் கடைசியில் கொண்டுபோய் எழுதும். அது கைக்கு வராமல் பிரவுசரால் முதல் ஃபிரேமைக்கூடக் காட்ட முடியாது. சர்வர் துண்டு துண்டாகக் கொடுக்கத் தெரிந்ததாக இருந்தால் வாலை மட்டும் கேட்டு வாங்கும், இல்லாவிட்டால் முழு ஃபைலும் இறங்கும்வரை காத்திருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' போட்டால் அட்டவணை முன்னால் வந்துவிடும்.

வெள்ளைத் திரைக்கு வீடியோவைக் குறை சொல்லாதீர்கள். முப்பரிமாண ஸ்கிரிப்டை பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியிலேயே ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது முழுசும் இறங்கி ஓடி முடியும்வரை பிரவுசர் எதையும் வரையாது. பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அந்தப் போனில் அளந்து பாருங்கள்.

இனி நாற்காலி. 6 எம்பி என்பது வழியில் வரும்போது உள்ள எடை. மாடலின் மேல் போர்த்த உள்ளே சுற்றியிருக்கும் ஜேபெக் படங்கள் (டெக்ஸ்சர் என்பார்கள்) ஜிபியு என்ற வரைகலைச் சிப்புக்குள் போகும்போது முழுசாக விரிந்துவிடும். 4096-க்கு 4096 டெக்ஸ்சர் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட், கணக்குப் போடுங்கள்: 64 எம்பி. மிப்மேப் என்ற சிறு பிரதிகளையும் சேர்த்தால் 85-ஐத் தொடும். நிறம், நார்மல் (மேடுபள்ளம்), சொரசொரப்பு என்று மூன்று டெக்ஸ்சர் இருந்தாலே 250 எம்பிக்கு மேல். பழைய போன் இதைத் தாங்காமல் டேபையே கொன்றுவிடுகிறது, அதுதான் உங்கள் ரீலோட். டிராக்கோ என்ற சுருக்கும் முறையைப் போட்டேனே என்பீர்கள். அது மாடலின் வடிவத்தைத்தான் சுருக்கும், டெக்ஸ்சரைத் தொடாது. 1024-க்கு இறக்குங்கள், ஒன்று 4 எம்பிதான். அதோடு போனின் பிக்சல் ரேஷியோ (தளம் கணக்கிடும் ஒரு பிக்சலின் அகலத்தில் திரையில் எத்தனை உண்மைப் பிக்சல் என்பது) 3 என்றால் 1-க்கு வரைவதைப் போல ஒன்பது மடங்கு பிக்சலை வரைகிறீர்கள். 1.5-இல் நிறுத்துங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாற்காலி சும்மா இருக்கும்போதும் நொடிக்கு 60 தடவை வரைந்துகொண்டிருக்காமல், விரல் பட்டால் மட்டும் வரையச் சொல்லுங்கள்.

சண்டை போடுவதென்றால் இந்த நாற்காலிக்காகப் போடுங்கள். வாங்குபவர் காலும் சட்டமும் சேரும் இடத்தைப் பார்க்க ஆசைப்படுவார், பின்பக்கம் முடித்திருக்கும் அழகைப் பார்ப்பார். வீடியோவும் பறக்கும் படங்களும் அவருக்கு அந்த வசதியைத் தருவதில்லை. ஆனால் பக்கம் திறந்ததும் ஏற்றாதீர்கள். ஒரு நல்ல போட்டோ, அதன் மேல் 'சுற்றிப் பார்க்க' என்று பொத்தான். அழுத்தினால் ஸ்கிரிப்டும் மாடலும் வரட்டும். போட்டோவும் விவரமும் சாதாரண எச்டிஎம்எல்லில் எப்போதும் இருக்கட்டும். தளம் முழுவதையும் ஃப்ளாஷ் என்ற பழைய செருகுநிரலுக்குள் பூட்டி வைத்தவர்களின் பக்கங்கள், 2020 டிசம்பர் 31-இல் அடோபி ஆதரவை நிறுத்தியதும் என்ன ஆயின என்று பார்த்தவன் நான்.

அசையாவிழி:

பறக்கும் படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்குக் காதுக்குள் சமநிலைப் பிரச்சினை உண்டு. ஸ்க்ரோல் செய்யும்போது படங்கள் குறுக்கே வழுக்கிக்கொண்டு வந்தால் தலை சுற்றும், பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவேன். போனில் அசைவைக் குறை என்ற செட்டிங்கை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன், பாதித் தளங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சிஎஸ்எஸ்ஸில் 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்று ஒரு மீடியா குவரி (அந்த செட்டிங் இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனை), நாலு வரி. அதற்குள் அசைவை நிறுத்திவிடுங்கள், போதும்.

முகப்பு வீடியோவும் அப்படித்தான். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்றதோடு சேர்ந்து ஓடும் எதற்கும் நிறுத்த வழி வேண்டும் என்று அணுகல்தன்மை விதிகளிலேயே இருக்கிறது. ஒரு பாஸ் பொத்தான் வைத்தால் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

கேமராப்பெட்டி:

பழையவலை சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரச்சாமானுக்கு முப்பரிமாண மாடலே எதற்கு? மரத்தின் வரியை டெக்ஸ்சராக ஒட்டும்போது பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது, 1024-க்கு இறக்கினால் கேட்கவே வேண்டாம். நாற்காலியைச் சுழல்மேடையில் வைத்துப் பத்துப் பத்து டிகிரிக்கு ஒரு போட்டோ, மொத்தம் 36. வெப்பி என்ற பட வடிவத்தில் ஒன்று 40 கேபி என்றால் எல்லாம் சேர்த்து ஒன்றரை எம்பிகூட இல்லை. விரல் நகர நகரப் படம் மாறும். உண்மையான மரம், உண்மையான வெளிச்சம்.

பழையவலை:

வரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 36 போட்டோவில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க முடியாதே. தச்சு வேலையின் யோக்கியதை அடியில்தான் தெரியும். மாடலையும் வைத்து, மரத்துக்கு நாலு குளோசப் போட்டோவும் போட்டால் இரண்டும் கிடைக்கும்.

தச்சன்மகள்:

டெக்ஸ்சரைத் திறந்து பார்த்தேன், எல்லாமே 4096. 1024 ஆக்கியதும் ரீலோட் நின்றுவிட்டது. ஸ்கிரிப்டைப் பொத்தானுக்குப் பின்னால் தள்ளியதில் வெள்ளைத் திரையும் போச்சு. பறக்கும் படங்களை எடுத்துவிட்டேன், அவர் கவனிக்கவே இல்லை! வீடியோவுக்குப் பாஸ் பொத்தானும் வைத்தாயிற்று. புல்லாங்குழல் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை.

புதுத் தொல்லை ஒன்று. 'சுற்றிப் பார்க்க' அழுத்திய பிறகு, நாற்காலி மேல் விரல் வைத்து மேலே தள்ளினால் பக்கம் நகராமல் நாற்காலிதான் குட்டிக்கரணம் அடிக்கிறது. சின்னத் திரையில் நாற்காலியே முழு இடத்தையும் பிடித்துக்கொள்வதால் கீழே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறோம். திரீஜேஎஸ் என்ற முப்பரிமாண நூலகத்தில், விரலால் சுழற்ற உதவும் ஆர்பிட் கன்ட்ரோல்ஸ்தான் போட்டிருக்கிறேன்.

பழையவலை:

ஆர்பிட் கன்ட்ரோல்ஸ், நாற்காலி வரையப்படும் கேன்வஸில், விரல் அசைவை பிரவுசர் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் 'டச் ஆக்‌ஷன்' என்பதை 'நன்' (எதையும் கையாளாதே) என்று தானே எழுதிவைத்துவிடும். கன்ட்ரோல்ஸை உருவாக்கிய வரிக்கு அடுத்தே அதை 'பேன் வை' என்று மாற்றுங்கள். முன்னால் எழுதினால் அழிந்துவிடும். மேல்கீழ் இழுத்தால் பக்கம் ஓடும், பக்கவாட்டில் இழுத்தால் நாற்காலி சுழலும். கவிழ்த்துப் பார்ப்பதற்கு 'அடிப்பக்கம்' என்று தனிப் பொத்தான் வையுங்கள். கீபோர்டில் வருபவருக்கும் அதுவே உதவும். கேன்வஸுக்குள் என்ன இருக்கிறது என்று திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது, ஆகவே ஏரியா லேபிள் (aria-label) என்ற அட்ரிபியூட்டில் ஒரு வரி விவரமும் எழுதிவிடுங்கள்.