கொடைக்கானல் ஏரிச்சாலையில் நேர்ந்தது, இன்னும் மனசை விட்டுப் போகாதது

திருமங்கலத்தான்:

எல்லோரும் போன ஊர்தான். ஏரி நட்சத்திர வடிவம், சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. டிசம்பர் மாதம், விடிவதற்கு முன்னால். ரூமில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, எனக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. ஏரியை ஒரு சுற்று சுற்றலாம் என்று செல்போன் டார்ச்சோடு இறங்கிவிட்டேன். நல்ல மூடுபனி.

பிரையண்ட் பூங்காவைத் தாண்டி, வேலியோரமாக ஒரு கார் நிற்கிறது என்று நினைத்து ஒதுங்கி நடந்தேன். டார்ச் வெளிச்சம் பட்டபோதுதான் அடியில் நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. காட்டெருமை, தனி ஆண். முழங்கால் வரைக்கும் வெள்ளை, அதற்கு மேலே முழுக்கருப்பு என்பதால், இருட்டில் கால்கள் மட்டும் தனியாக நிற்பதுபோல் இருந்தது. அப்புறம்தான் மேலே பார்த்தேன். மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும்.

"வெளிச்சத்தைக் கீழ இறக்குங்க தம்பி."

பின்னாலிருந்து குரல். தள்ளுவண்டியில் டீக்கடை விரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. "ஓடாதீங்க. திரும்பாம அப்படியே பின்னாலயே வாங்க." வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். வண்டிக்கு இந்தப் பக்கம் வந்ததும், அந்தம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே, அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "போ சாமி, நேரமாச்சுல்ல" என்றார். அது கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வேலியை ஒட்டி மேட்டில் ஏறிப் போய்விட்டது.

டீ குடித்துக் காசு கொடுக்கும்போது கேட்டார்: "அது தினமும் இந்நேரம் மேய வரும். நீங்க எதுக்கு வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சும்மா நடக்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வத்தலக்குண்டு வேன்காரர்:

தம்பி, அந்தம்மா இல்லை என்றால் நீங்கள் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். கூட்டமாக வந்தால்கூட அதுபாட்டுக்குப் போய்விடும். தனி ஆணிடம் டார்ச் அடிக்கிற வேலையே கூடாது. பெருமாள்மலைப் பக்கம் பனியில் ஒன்று ரோட்டைக் கடந்தது. நான் வண்டியை நிறுத்தி லைட்டைக் குறைத்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு சார் கதவைத் திறந்து இறங்கிவிட்டார், போட்டோ எடுக்க. நான் சத்தம் போட முடியாது, ஹார்ன் அடிக்க முடியாது. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி அழுததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அது ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. சார் டிக்கெட் எடுக்காமல் பார்த்ததாகச் சிரித்தார்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். ஹைகோர்ட் உத்தரவு. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பே வைத்தார்கள். மலையேறிவிட்டு போனில் சிக்னல் தேடாதீர்கள், வீட்டிலிருந்தே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள். தண்ணீர் பாட்டில் விஷயத்திலும் கவனம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் மேலே கூடாது, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

காட்ரோட்டில் ஏறும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள், வாந்திக்காரர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கி, பாதி மலையில் கருகின வாசனையோடு ஓரங்கட்டி நிற்கிற கார்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். வெள்ளி அருவியில் குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். அப்புறம் அந்த அருவியில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அது ஏரியிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர். ஏரியில் யார் யார் என்னென்ன போடுகிறார்கள் என்று படகில் போனவர்களுக்குத் தெரியும்.

மருமகள்:

வேன்கார அண்ணன் சொன்னதெல்லாம் சரி. என் விஷயம் வேறு.

கோக்கர்ஸ் வாக். 1872-ல் கோக்கர் என்கிற இஞ்சினியர் போட்ட நடைபாதை, ஒரு பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு, போனவர்களுக்குத் தெரியும். நாங்கள் போனது சாயங்காலம். வெயில் முதுகில் அடித்தது, கீழேயிருந்து மேகம் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு கைப்பிடிக் கம்பி வரைக்கும் வந்துவிட்டது. கம்பியோரமாக நான், என் மாமியார், என் வீட்டுக்காரர்.

திடீரென்று மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். எதிரே மேகத்தில் எங்கள் மூன்று பேர் நிழலும் விழுந்திருந்தது, ரொம்ப நீளமாக. அவர் மெதுவாகச் சொன்னார்: "என் தலையைச் சுத்தி வட்டம் தெரியுதுடி. கலர் கலரா. உங்க ரெண்டு பேருக்கும் இல்ல."

நான் பார்த்தேன். என் நிழலின் தலையைச் சுற்றித்தான் வட்டம் இருந்தது. உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு, திரும்ப ஒரு தடவை மங்கலாக அதே வண்ணங்கள். அவர் நிழலில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்காரர் வாயைத் திறந்து, "எனக்கும்தாம்மா தெரியுது" என்று சொல்லப் போனார். நான் அவர் காலை மிதித்தேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார் தவறிப்போன வருஷம் அது. அதுவரைக்கும் வீட்டில் மாமியார் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்றைக்கு ராத்திரி ரூமில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் பழனிக்கு நடந்தே போன கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பிரகாரத்தைச் சுற்றி வந்துவிட்டு, அங்கேயிருந்து பழனி மலை தெரிகிற பக்கமாக நின்று ரொம்ப நேரம் ஏதோ முணுமுணுத்தார்.

இப்போது உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் போய், "எனக்கு மட்டும் தெரிஞ்சது, இவ சாட்சி" என்று என்னைக் காட்டுகிறார். நானும் தலையாட்டுகிறேன். இதுதான் உறுத்துகிறது.

செண்பகனூரான்:

நான் இந்த ஊர்க்காரன். ஏரிச்சாலையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறேன். டீக்கடை அம்மா கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் சீசன் முழுக்க மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம், திருமங்கலம் சார் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் காசில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது, அதுவும் தெரியும்.

கொஞ்ச வருஷம் முன்னால் ஒரு வயசான வெள்ளைக்காரர் வந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். கைத்தடி. சைக்கிள் கேட்க மாட்டார் என்று தெரிந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் வந்து, "தம்பி, பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டுப் போகணுமா, இங்கிட்டா?" என்றார். சுத்தமான மதுரைப் பேச்சு, என் அப்பத்தா பேசுகிற மாதிரியே. ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

மதுரைப் பக்கம் மிஷன் குடும்பத்தில் பிறந்தவராம். ஏரிக்கரை இண்டர்நேஷனல் ஸ்கூலில்தான் படிப்பு. 1901-ல் மிஷனரி பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி அது. எல்லாக் கோடைக்கும் மேலே வந்துவிடுவார்களாம். அவர் பாட்டி காலத்தில் ரோடு கிடையாது. காட் ரோடு முழுசாகி வண்டி ஏறியது முதல் உலகப் போர் சமயத்தில்தான். அதற்கு முன்னால் ரயிலில் வந்து கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் அடிவாரத்துத் தோப்புக்கு வந்து, அங்கேயிருந்து மேலே. ஆண்கள் மட்டக்குதிரையில், பெண்களும் பிள்ளைகளும் டோலியில். செங்குத்தான ஒற்றையடிப் பாதை எங்கள் செண்பகனூர் வழியாகத்தான் ஏறும்.

"எங்க பாட்டி டோலியிலதான் வந்தாங்க" என்றார், சந்தோஷமாக.

"தூக்கினது எங்க ஆளுங்கதாங்க" என்றேன். சண்டைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். என் பூட்டன் டோலி தூக்கியவர். தோள்பட்டையில் கட்டை அழுத்தி உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு இருந்ததாம். சாகும்வரைக்கும் அந்தப் பக்கமாகப் படுக்க மாட்டாராம், அப்பா சொல்வார்.

அவர் சிரிப்பு போய்விட்டது. தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். மன்னிப்பு ஏதாவது கேட்பார் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. கேட்கவில்லை. "எவ்வளவு கொடுத்தாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. 1845-ல் முதல் இரண்டு பங்களா கட்டிய அமெரிக்க மிஷன்காரர்களைப் பற்றித் தெரிகிறது, 1863-ல் ஓடையை மறித்து ஏரி கட்டிய லெவின்ஜ் மதுரை கலெக்டராக இருந்தவர் என்று தெரிகிறது, தூத்துக்குடியிலிருந்து முதல் படகு கொண்டுவந்தார் என்பதுவரைக்கும் கைடுகள் ஒப்பிக்கிறார்கள். பூட்டன் கூலி எவ்வளவு என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

ஃபிங்கர்போஸ்ட் வாசி:

செண்பகனூரார் சொன்னது மனசைத் தொட்டது. ஆனாலும் ஏரி என்றால் ஊட்டியைவிட்டு ஏன் எல்லோரும் கொடைக்கானலிலேயே நிற்கிறீர்கள்? எங்கள் ஏரி மூத்தது, கலெக்டர் சல்லிவன் 1820-களிலேயே வெட்டியது. பழைய ஏரியில் பாதிதான் இப்போது பாக்கி. பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் நிற்கிற இடமெல்லாம் தண்ணீர் இருந்த இடம். வெள்ளைக்காரன் வெட்டினான், நாம் மூடினோம். இரண்டுக்கும் முன்னால் அந்த நிலம் தோடர்களுடையது, அதை யாரும் பேசுவதில்லை.

எனக்கு நேர்ந்தது ஏரியில் இல்லை, செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சில். 1830-ஐ ஒட்டிக் கட்டியது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். நான் போனபோது உள்ளே ஒரு பெரியவர் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தார். தலையில் தொப்பி, நெஞ்சின்மேல் மூக்குக்கண்ணாடிக் கூடு, பக்கத்தில் பேரன் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருந்தான். பார்த்துக்கொள்கிற ஆள் வந்து, எழுந்திருங்க என்றார். படுத்தபடியே பெரியவர் சொன்னார், கன்னடம் கலந்த தமிழில்: "ஒரு நிமிஷம் இருங்க. எங்க ஊருச் சாமான், நல்லா வச்சிருக்கீங்களான்னு பாக்குறேன்."

பார்த்துக்கொள்கிறவரும் மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நானும்தான். ஒரு இடத்தில் கரையான் மாதிரி ஏதோ கறை இருப்பதாகக் கை காட்டினார் பெரியவர். கரையான் இல்லை, பழைய ஒழுகல் என்று இவர் வாதாடினார். பேரன் வெளியே ஓடிப்போய்விட்டான்.

இயற்பியல் வாத்தியார்:

மருமகளுக்கு ஒரு விளக்கம். அது ப்ரோக்கன் நிழல். ஜெர்மனியில் ப்ரோக்கன் என்ற மலையில் அடிக்கடி தெரிவதால் அந்தப் பெயர். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், முன்னால் மேகம் இருக்க வேண்டும். மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அந்த வட்டம் பார்ப்பவர் கண்ணுக்கு நேர் எதிரே மட்டுமே அமையும். எனவே ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றித் தெரியவே தெரியாது. உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் பார்க்கவில்லை.

இதைப் பக்குவமாகச் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார். அடுத்த முறை போகும்போது சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். 1899-ல் நிறுவியது. 1909-ல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி சூரியக் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான், உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். என் மாணவர்களை அழைத்துப் போனபோது மேகம் மூடி சூரியனே தெரியவில்லை. ஒரு பையன், "சார், சூரியனைப் பாக்க மேகம் இருக்குற ஊரையா புடிச்சாங்க?" என்றான். மழைக்கு நடுவே வருகிற காலை வேளைகளில் அங்கே காற்று எவ்வளவு தெளிவு என்று பஸ்ஸில் இறங்கும்வரைக்கும் விளக்கினேன். அவன் தூங்கிவிட்டான்.

மருமகள்:

சார், ஊருக்கு வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் இதையெல்லாம் படித்துச் சொல்லிவிட்டார், எனக்கு விஞ்ஞானத்தோடு தகராறு இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்று மாமியாரிடம் சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் என் யோசனை. சொல்லாமலே இருந்தால், நாளைக்கு என் மகள் வளர்ந்து அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரிடமே சொல்லுவாள். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

இப்போது வருஷத் திதிக்கு முன்னால் திரும்பப் போகணும் என்கிறார், அதே இடம், அதே நேரம். தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு. தங்கை நேரே பார்க்கட்டும் என்று ஆசை. வேன்கார அண்ணா, இ-பாஸில் ஒரு வண்டிக்கு எத்தனை பேர் பெயர் போட வேண்டும்? அந்தத் தங்கை அவரைவிட வாய்த்துடுக்கு, வட்டம் யாருக்கு என்று அங்கேயே சண்டை பிடித்துவிடுவார். மேகமே வராத மாதம் எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் அதைப் பார்த்து டிக்கெட் போடுவேன்.