மாவுச்சத்தைக் குறைத்த பிறகு கொழுப்பு எவ்வளவு சாப்பிடணும்?

கேள்வி:
மாவுச்சத்தைக் குறைச்சு இது ஏழாவது வாரம். முதல் மூணு வாரத்துல நாலு கிலோ இறங்குச்சு. அப்புறம் எடை 78 கிலோவுலேயே நிக்குது. மாவுச்சத்து தினமும் 25 கிராமைத் தாண்டுறதில்லை, எழுதி வைக்கிறேன். போன்ல சாப்பாட்டுக் கணக்குப் போடுற செயலி மட்டும் தினமும் கொழுப்பு 125 கிராம் சாப்பிடணும்னு சொல்லுது. ராத்திரி வயிறு நிறைஞ்ச பிறகும் 30 கிராம் பாக்கி காட்டும். அதுக்காகவே வெண்ணெயைக் கரண்டியில எடுத்து வெறும் வாயில போட்டுக்குறேன். நேத்து குமட்டிடுச்சு. இது கட்டாயமா?

பதில்:
முதல்ல அந்தக் கரண்டியைக் கீழே வைங்க தோழி. நானும் அஞ்சு மாசம் இதையேதான் செஞ்சேன்.

125 எப்படி வருதுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு 1600 கலோரின்னு வச்சா, அதுல கொழுப்புக்கு 70 சதவீதம், அதாவது 1120. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, வகுத்தா 124 சொச்சம். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சு கொழுப்பைக் கூட்டுற இந்தக் கீட்டோ உணவு 1920கள்ல வலிப்பு நோய்க்காக வந்தது. அதுல கலோரியில 90 சதவீதம் வரை கொழுப்பு, ஏன்னா கொழுப்பு எரியும்போது உடம்புல உண்டாகுற கீட்டோன்ங்கிற பொருளோட அளவை உசத்தி வைக்கிறதுதான் அங்க மருந்து. நமக்கு அது தேவையில்லை. மாவுச்சத்து குறைஞ்சாலே உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். தட்டுல இருக்குற கொழுப்பையா, இடுப்புல இருக்குறதையாங்கிறதுதான் கேள்வி.

புரதத்தை விட்டுடாதீங்க. நீங்க எட்ட நினைக்கிற எடை 65 கிலோன்னா 80 முதல் 95 கிராம். கொழுப்பு பசி அடங்குற வரைக்கும் போதும். எனக்கு அது 80 கிராம் பக்கம் நின்னுச்சு.

இன்னொண்ணு, எண்ணெயைத் தராசுல எடை போட்டுப் பாருங்க. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. நான் 'ஒரு கரண்டி'ன்னு எழுதிட்டு பாட்டில்ல இருந்து நேரா ஊத்துவேன். ஒருநாள் வாணலியைத் தராசுல வச்சு, பூஜ்யமாக்கிட்டு ஊத்தினேன். 31 கிராம்! ரெண்டு வேளைக்கு எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பதில்:
மேல சொன்னது சரி. ஆனா ஒரேயடியா வெட்டிடாதீங்க. மாவுச்சத்தும் இல்லாம கொழுப்பும் இல்லாம வெறும் கோழி நெஞ்சுக்கறியும் கீரையுமா நான் ரெண்டு வாரம் ஓட்டினேன். சாயங்காலம் நாலு மணிக்குத் தலைவலி, ராத்திரி கண்டதையும் தின்னேன். முட்டையை மஞ்சள் கருவோட சாப்பிட்ட பிறகுதான் நின்னுச்சு.

பதில்:
ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்தீங்களா? சிலருக்கு இந்த உணவுல எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்புன்னு சொல்றது, நல்லா ஏறும், எனக்கு ஏறுச்சு. வெண்ணெய், கிரீமைக் குறைச்சு ஆலிவ் எண்ணெய், பாதாம், மீன்னு மாத்தினதும் மூணு மாசத்துல இறங்குச்சு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க மருத்துவர்கிட்ட அளவை மாத்திக்காம இந்த உணவைத் தொடங்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டுனு தாழ்ந்துடலாம்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. எனக்குச் சர்க்கரை இல்லை. ரத்தப் பரிசோதனை இந்த வாரமே எடுக்குறேன். இன்னைக்குத் தராசுல வச்சுப் பார்த்தேன், என் ஒரு கரண்டி வெண்ணெய் 22 கிராம். ராத்திரி ரெண்டு முட்டையும் மீனும் சாப்பிட்டு எழுந்துட்டேன். செயலியில 41 கிராம் பாக்கி காட்டுது, பசி இல்லை.