வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு முதல் இரவு எங்கே?

இரவில் நடந்து, வெளியில் தூங்குபவர்களைத் தேடிப் போகும் தொண்டூழியர், காலாங்

சிங்கப்பூரில் வெளியில் படுப்பவர் என்றால் வயதானவர் முகம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இளையர்கள் அப்படிப் படுக்க மாட்டார்கள். 24 மணி நேர விரைவு உணவகத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, காலிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கோப்பை இருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று தெரியும். சில நாள் நண்பன் வீடு, அங்கே முகம் சுளித்தால் இன்னொரு நண்பன் வீடு. 2022இல் நாடு முழுக்க எண்ணியபோது தெருவில் தூங்கியவர்கள் 530 பேர். சோபாவில் தூங்கும் பிள்ளை அந்தக் கணக்கில் வரவே வராது.

போன வருடம் அப்படி ஒரு தம்பியைப் பார்த்தோம். ஐடிஇ தொழிற்கல்விக் கழக மாணவன். என்ன கேட்டாலும் பதில் இல்லை. எங்கள் குழுத் தலைவர் “சாப்டாச்சாப்பா?” என்று மட்டும் கேட்டு, ஒரு பரோட்டா வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் “எங்க போறது அண்ணே?” என்றான். சமய, சமூக அமைப்புகள் தங்கள் இடத்தை இரவில் திறந்துவிடுகிற பாதுகாப்பான உறங்குமிடம் ஒன்றுக்கு அழைத்துப் போனோம். மெத்தை, துண்டு, பல் துலக்கி கொடுத்தார்கள். பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினான். அன்று யாரும் அவனிடம் காரணம் கேட்கவில்லை. அதுதான் சரி. தூக்கம் இல்லாத பிள்ளையிடம் எந்த முடிவையும் கேட்கக் கூடாது.

முன்பு காப்பகத்தில் தங்கியவர், உட்லண்ட்ஸ்

எனக்கு அப்போது 17 வயது. வீட்டில் அடி. பள்ளியில் சொன்னேன், “அப்பாவிடம் மன்னிப்புக் கேள்” என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் இருந்த அக்காதான் காப்பகத்தில் சேர்த்தார். எனக்கு மறக்காதது அவர் என் அம்மாவிடம் போனில் பேசியது: “பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், சாப்பிட்டாள், நாளை பள்ளிக்குப் போவாள்.” முகவரியைச் சொல்லவில்லை. நானே பேசியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். நடுவில் ஒருவர் இருந்ததால்தான் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வழி பிறந்தது. படுக்கையைவிட அந்த நடு ஆள்தான் பெரிய உதவி என்பேன்.

சமூகப் பணியாளர், பிடோக்

18 வயதுக்குக் கீழே என்றால் சிறுவர், இளையர் சட்டம் துணைக்கு வரும். தாண்டியவர்களுக்குத்தான் திண்டாட்டம். திருமணமாகாத தனியாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கவோ கழகத்திடமிருந்தே வாடகைக்கு எடுக்கவோ பொதுவாக 35 வயதாக வேண்டும். 20 வயதில் வெளியே வந்தவன் 15 வருடம் எங்கே இருப்பான்? வெளியில் அறை எடுக்கலாம் என்றால் வாடகை கைக்கு எட்டாது. அதனால் மாதக்கணக்கில் தங்கவிடும் இடைக்காலத் தங்குமிடத்தில் சேர்த்து, வேலை, சேமிப்பு, முடிந்தால் வீட்டாரோடு சமரசம் என்று பார்க்கிறோம். இளையருக்கென்றே இன்னும் இடங்கள் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

மீண்டும் காலாங்

பலர் எங்களிடம் உதவி எண் கேட்கிறீர்கள். வீட்டில் வன்முறை என்றால் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அடிபட்டவரேதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம், வகுப்புத் தோழனும் கூப்பிடலாம்.