எம்.எஸ். என்ற சுருக்கத்துக்கு வேறு என்னென்ன பொருள்?

வணக்கம். மருத்துவத்தில் புழங்கும் ஆங்கிலச் சுருக்கங்களுக்கு நோயாளிகளுக்காகத் தமிழில் ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். எம்.எஸ். பெரிய சிக்கலாக இருக்கிறது. நரம்பியலில் அது மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். இதயப் பிரிவில் மைட்ரல் வால்வு குறுகிப்போவது. டாக்டர் பெயருக்குப் பின்னால் வந்தால் அறுவை சிகிச்சைப் பட்டம். சரி, இதெல்லாம் இடத்தை வைத்துப் புரிந்துவிடும்.

மருந்துச் சீட்டில்தான் ஆபத்து. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் சல்ஃபேட்டா, கர்ப்பகால வலிப்பைத் தடுக்கத் தரும் மக்னீசியம் சல்ஃபேட்டா என்று குழம்பிவிடலாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004-லேயே இதைப் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களில் சேர்த்துவிட்டது.

மருத்துவமனை, மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: வேறு எந்தப் பொருளிலாவது பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், மருந்துகளுக்கு முழுப்பெயர் மட்டும் போதுமா, எச்சரிக்கையோடு சுருக்கத்தையும் தரலாமா?