பார்ட்டிக்கு என்ன சொல்: குழு, சாத்து, அணி

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினி விளையாட்டில் 'ரோல்-பிளேயிங் கேம்' என்பதற்குப் 'பாத்திரமேற்பு விளையாட்டு' என்ற சொல் முடிவாகிவிட்டது. பாத்திரம் என்றால் சமையலறை ஞாபகம் வருகிறது என்ற கேலி ஓயாது, விடுங்கள். இப்போதைய சிக்கல் 'பார்ட்டி'. போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடர் என்று ஆறு பேரைச் சேர்த்து நிலவறைக்குள் இறக்குகிறோமே, அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். 'பார்ட்டி' என்றே விடலாம் என்றால், நம் பேச்சில் அது ஓர் ஆளையே குறித்துவிடுகிறது: "அந்தப் பார்ட்டி ஒரு மாதிரி."

'குழு' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் தடை உண்டு. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசார்ட்ரி என்ற விளையாட்டைப் பாருங்கள். அதில் எதிரிகள் வகைவகையாகப் பிரிந்து நிற்பார்கள், ஒரு சண்டையில் அதிகபட்சம் நான்கு குரூப். ஒரு மந்திரம் ஒரே எதிரியைத் தாக்கும், இன்னொன்று ஒரு குரூப் முழுவதையும், வேறொன்று எதிரே நிற்கும் எல்லாரையும். 'குழு' அங்கே தேவைப்படுகிறது. நம் ஆட்களும் குழு, எதிரியும் குழு என்றால், 'ஒரு குழுவைத் தூங்க வைக்கும்' என்ற விளக்கத்தைப் படிப்பவர் தன் ஆட்களைத்தான் தூங்க வைக்கப்போகிறோமோ என்று பயந்துவிடுவார்.

'சாத்து' என்ற பரிந்துரை மனதை இழுத்தது. காட்டுவழியில் கள்வருக்கு அஞ்சிச் சேர்ந்து போன வணிகர் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அது இருக்கிறது. பொருள் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் நிலவறை முழுக்கக் கதவுகள். 'சாத்து' என்று பொத்தானில் போட்டால் கதவைத்தான் சாத்துவார்கள். நாலு சாத்து சாத்துவதும் இதே விளையாட்டில்தான் நடக்கிறது!

என் வாக்கு 'அணி'க்கு. வெறும் டீம் என்பதற்காக இல்லை. விசார்ட்ரியில் முதல் மூவர்தான் கைகலக்க முடியும். பின்னால் நிற்கும் மூவருக்கு மந்திரம்தான் வழி. யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே பாதி ஆட்டம். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற விளையாட்டிலும் ஆறு பேர்தான், அவர்கள் எப்படி நின்று நடக்க வேண்டும் என்பதற்குத் தனிப் பொத்தான்களே உண்டு. வரிசையாக நிற்பது என்ற பொருள் 'அணி'க்குள் ஏற்கெனவே இருக்கிறது. 'அணிவகுப்பு' நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

'கவசம் அணி' என்ற கட்டளையோடு மோதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் முதலில் பின்வாங்கினேன். அப்புறம்தான் தோன்றியது: பையில் இருக்கும் பொருளை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லும் 'எக்விப்' கட்டளை கவசத்துக்கு மட்டுமா? வாளை யாரும் அணிவதில்லை. எப்படியும் அங்கே வேறு சொல் வேண்டும். 'தரி' என்று வைத்தால் இரண்டுக்கும் சரியாகிவிடும்; 'ஆயுதம் தரித்த' என்று வழக்கில் இருப்பதுதானே.

உறுப்பினர் ஒருவரைக் குறிக்கத்தான் இன்னும் தடுமாற்றம். 'அணியர்' என்றால் அருகில் இருப்பவர் என்றும் பொருள் வரும். 'அணியாள்' கொஞ்சம் முரடு, ஆனால் கோடரி தூக்கும் குள்ளருக்கு அது போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் இதையே ஏற்றிவிடுகிறேன்.