கல்யாணமான மகளின் இ.எஸ்.ஐ.யில் அப்பா, அம்மாவைச் சேர்க்க முடியுமா?

செக்கிங் அக்கா, திருப்பூர்:
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சம்பளம் 18,500, இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) மாதம் 139 ரூபாய் பிடிக்கிறார்கள். கார்டில் வீட்டுக்காரரும் பையனும் மட்டும்தான். அப்பா, அம்மா தாராபுரத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, இப்போது கண்ணில் புரை வேறு. மில் பென்ஷன் 2,300 வருகிறது, முன் அறை வாடகை 2,000. அம்மாவுக்கு வருமானம் கிடையாது. இவர்களைச் சேர்க்கச் சொன்னால், "கல்யாணம் ஆயிடுச்சில்லங்க, இனி உங்க குடும்பம்னா வீட்டுக்காரர்தான்" என்கிறார் எச்.ஆரில் இருக்கும் பையன். சட்டமே அப்படியா, அவராகச் சொல்கிறாரா? என் தம்பிக்கு 19 வயது, பாலிடெக்னிக் படிக்கிறான். அவனையும் போட முடியுமா?

பேரோல்காரன், கோவை:
அவராகச் சொல்கிறார். 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தில் குடும்பம் என்பதற்கு இருந்த விளக்கத்தில், சார்ந்திருக்கும் பெற்றோர் என்றுதான் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். மகனுடைய பெற்றோரா, மகளுடைய பெற்றோரா, கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்ற பேச்சே இல்லை. பார்ப்பது வருமானம் ஒன்றைத்தான். விதிப்படி எல்லா வழியிலும் சேர்த்து மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. பென்ஷன், வாடகை இரண்டையும் கூட்டினாலும் உங்கள் அப்பாவுக்கு 4,300தான். மகன் வந்து கேட்டிருந்தால் அந்தப் பையன் இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டார், அது வேறு கதை.

தம்பிக்கு வாய்ப்பில்லை. உடன்பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் ஊழியருக்குக் கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, பெற்றோர் உயிரோடு இருக்கக்கூடாது, தம்பி தங்கை மைனராகவும் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு, படித்துக்கொண்டிருந்தால், 21 வயது வரை உண்டு.

சேர்க்கும்போது பெற்றோர் உங்களோடு இல்லை, தாராபுரத்தில் இருக்கிறார்கள் என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கும் திருப்பூர் இ.எஸ்.ஐ. மருந்தகமே விழும். சர்க்கரை மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே இருப்பது பிரச்சினையே இல்லை. தனியார் பாலிசி மாதிரி பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலமோ, இத்தனை லட்சம்தான் என்ற வரம்போ இதில் கிடையாது.

ஓசூர் லட்சுமி:
இதோடு என் கேள்வியும். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்காரர் சொந்த ஆட்டோ ஓட்டுகிறார், அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. என் கணக்கில் மாமியார் வருவாரா?

பேரோல்காரன், கோவை:
பழைய 1948 சட்டத்தில் வர மாட்டார், அதுதான் அதில் இருந்த பெரிய ஓட்டை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பெண் ஊழியரின் மாமனார், மாமியாரையும் பெற்றோர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. அவருக்கும் வருமான வரம்பு உண்டு. கம்பெனியில் தெரியாது என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

செக்கிங் அக்கா, திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. இன்னொன்று. ஜூலையில் சம்பளம் 21,500 ஆகும் என்கிறார்கள். 21,000 தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடுமாமே? அப்பா கண் ஆபரேஷனை அதற்குள் முடித்துவிட வேண்டுமா?

பேரோல்காரன், கோவை:
உடனே போகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பிடித்தக் காலம். நடுவில் சம்பளம் ஏறினாலும் செப்டம்பர் வரை பிடிப்பார்கள், அதுவும் 21,500க்கும் சேர்த்து. அந்தப் பிடித்தத்துக்கான பலன் காலம், அதாவது அந்தப் பணத்துக்கு வைத்தியம் கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆகவே வைத்தியத்துக்கு அடுத்த ஜூன் வரை நேரம் இருக்கிறது. ஆனால் பெயர் சேர்ப்பதை மட்டும் இந்த வாரமே முடியுங்கள். பெற்றோர் இருவரின் ஆதாரும், இரண்டு பேரும் இருக்கிற ஒரு போட்டோவும் கையில் இருக்கட்டும்.